காதுப் பிழை

மார்ச்சில் எழுதியது.
பதினெட்டாம் பக்கம், கீழே வலது மூலை,
குளிர்பெட்டி விளம்பரத்துக்கு மேலே பதினோரு வரி.
ஒதிலியா பர்ராகேயின் முதல் இசைத்தட்டு.
பாந்தோனியோன் மட்டும்.
பாடகர் இல்லை, கிதார் இல்லை, ஒளிந்துகொள்ள இடமில்லை.
நான் எழுதினேன்:
'ஆணி ஏறிய டயரைப்போல
இந்தத் தட்டிலிருந்து காற்று போய்க்கொண்டே இருக்கிறது.'

நல்ல வாக்கியம்தான்.
இரண்டு நண்பர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுச் சிரித்தார்கள்.
ஒருவன் அதை விருந்தொன்றில் தன்னுடையதாகவே சொன்னானாம்.

உண்மையைச் சொன்னால்
வாக்கியம்தான் முதலில் வந்தது.
மொந்தேவிதேயோவின் நெரிசலான பேருந்தில்
ஒரு காதில் அவள்,
மறு காதில் பக்கத்து இருக்கைக்காரரின் கால்பந்து வர்ணனை.
மூன்றாவது துண்டு ஓடும்போதே வந்துவிட்டது.
வந்ததை விட மனமில்லை.
மீதித் தட்டை அதற்குச் சாட்சி தேடத்தான் கேட்டேன்.
காது கொடுத்துக் கேள் என்பார்கள்.
நான் கொடுக்கவில்லை,
வாடகைக்குக்கூட விடவில்லை.

ஜூலை. ஆற்றிலிருந்து எலும்பைத் தேடி வரும் காற்று.
லா தெஹாவில், எண்ணெய் ஆலையின் சுடருக்குக் கீழே
என் வண்டியின் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது.
(சிரிக்கலாம். நானும் பிறகு சிரித்தேன்.)

வில்மாரின் பட்டறையில்
கம்பி சுற்றிய வானொலி, கரி படிந்த மாத்தேக் குடுவை,
ஒரே ஒரு நாற்காலி. அதில் நாய்.
நின்றுகொண்டிருந்தேன்.
இரண்டாவது சுரத்திலேயே தெரிந்துவிட்டது
அவள்தான்,
அதே மூன்றாவது துண்டு,
நடுவில் எல்லாம் நின்றுபோகும் இடம் வரப்போகிறது.
'அடுத்த சுரத்தை மறந்துவிட்டார் போலும்'
என்று நான் கேலி செய்த இடம்.

வந்தது.
வில்மாரின் கையில் நட்டு.
வானொலி நின்றது, கையும் நின்றது.
அவன் எதையும் ரசிப்பதாகத் தெரியவில்லை,
பார்வை சக்கரத்தில்தான்.
ஆனாலும் அந்த நட்டு
விரலுக்கும் மரைக்கும் நடுவே காத்திருந்தது.
அந்த இடைவெளிக்குள்
ஒரு துருத்தி மெல்ல விரிவதைக் கேட்டேன்.
மடிப்புத்தோலின் முனகல்.
பொத்தானில் நகம் பட்ட ஓசை.
யாரோ ஒருத்தி தன் முழங்காலில்
ஒரு கனத்தை வைத்துக்கொண்டு மூச்செடுப்பது.
பிறகு அந்த ஒற்றைத் தாழ்சுரம்.
அவன் நட்டை முடுக்கினான்.

'இது யார்?' என்றேன், திருடனைப்போல.
'தெரியாது. வாசிக்கிற ஆளுக்கு அவசரமில்லை.
நாநூற்று ஐம்பது பேசோ.'

வீட்டில் மூன்று முறை கேட்டேன்,
கதவைச் சாத்தி, பேனாவை வேறு அறையில் வைத்து.
ஒரே பொத்தான்
துருத்தி திறக்கும்போது ஒன்று சொல்லும்,
மூடும்போது வேறொன்று.
இருபது வருடமாக வாசகர்களுக்கு நான் விளக்கிவரும் பாடம்.
ஒரு தட்டும் அப்படித்தான் என்று
எனக்கு யாரும் விளக்கவில்லை.

ஐந்தாவது துண்டு இப்போதும் மோசம்.
வால்ஸ் என்று பெயர், கால் தரையில் படவே இல்லை.
அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.
இரக்கப்பட்டுப் புகழ்வதும்
கேளாத காதின் வேலைதான்.

ஆசிரியர் பெனியாவிடம் போனேன்.
'பெயர்ப் பிழை, தேதிப் பிழை, விலைப் பிழை.
இவற்றுக்குத் திருத்தம் உண்டு.
காதுப் பிழைக்குப் பத்தி இல்லை' என்றவர்
பழைய இதழைப் புரட்டி நிமிர்ந்தார்:
'அவள் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருக்கிறாய்.'

வெள்ளிக்கிழமை வெளியானது, இரண்டு வரி:
பராகே அல்ல, பர்ராகே.
வருந்துகிறோம்.
அந்த 'ஓம்' விகுதிக்குள்
குனிந்து நின்றிருந்தேன் நான்.

ஆகஸ்டில் அவள் வாசிக்கிறாள்,
துறைமுகத்துக்குப் பின்னால் சின்ன அரங்கு.
பத்திரிகைக்காரர் சீட்டைக் கேட்கவில்லை, காசு கொடுத்து வாங்கினேன்.
ஒன்பதாம் வரிசை.
மூன்றாவது துண்டின் நடுவில்
இருமாமல் இருக்க வேண்டும்.
இந்தக் குளிரில்
அது ஒன்றுதான் பயம்.